பழம் போட்ட புளிப்பு பீரைப் பரணில் வைத்தால் ருசி ஏறுமா?

என் மச்சானுக்குக் கப்பலில் வேலை, இன்ஜின் ரூமில். ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் அவன் வீடு. ஆனால் வருஷத்தில் எட்டு மாதம் அவனைக் கடலில்தான் தேட வேண்டும். ஒரு தடவை பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கி விமானம் ஏறியவன், எனக்காக இரண்டு சின்ன பாட்டில் கொண்டு வந்தான். 375 மில்லி. கார்க் அடித்து, அதன் மேல் தகர மூடியும் போட்டது. உள்ளே மாதுளைச் சாறு நிறத்தில் என்னவோ தளும்பியது.

“கிரீக்குனு பேரு மச்சான். செர்ரிப் பழம் போட்ட பீரு. ஒண்ண இப்ப குடி, இன்னொண்ண வெச்சிரு. வெக்க வெக்க டேஸ்ட் ஏறும்” என்றான்.

ஒன்றை அந்த வாரமே திறந்தோம். மூடியைக் கழற்றியதும் வந்த செர்ரி வாசனை பக்கத்து அறை வரை போனது. வாயில் வைத்தால் நல்ல புளிப்பு, பல் கொஞ்சம் கூசியது, தொண்டையில் இறங்கும்போது பாதாம் எசென்ஸ் போல ஒரு வாடை. இன்னொன்றைப் பழைய லுங்கியில் சுற்றி, பரணில் வெண்கலப் பானைக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு கோடை கழித்து இறக்கித் திறந்தபோது, ஆறிப்போன கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, அதன் பின்னால் காடி நெடி. செர்ரியைக் காணோம். “இதுக்குத்தான் ரெண்டு வருஷம் என் பாத்திரத்தை எல்லாம் ஓரங்கட்டி வெச்சீங்களா?” என்றாள் மனைவி.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. துறைமுகத்தில் ரீஃபர் கண்டெய்னர் பார்ப்பது என் வேலை. ரீஃபர் என்றால் குளிரூட்டப்பட்ட சரக்குப் பெட்டி. உறைந்த இறாலுக்கு மைனஸ் 18 டிகிரி, ஆப்பிளுக்குப் பூஜ்யத்தை ஒட்டி என்று நாள் முழுக்க டிகிரி பார்க்கிறவன், வீட்டில் பாட்டிலைப் பரணில் போட்டிருக்கிறேன்.

‘வைக்க வைக்க நன்றாக இருக்கும்’ என்பதை பீர் பற்றிப் பேசுகிற எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறார்கள். ஒயினைப் பற்றிக் கேட்டதை அப்படியே பீருக்கும் நீட்டிவிடுகிறோம். அது எங்கே சரி, எங்கே தவறு என்று புரிய வேண்டுமானால் பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

பீர் எப்படிப் புளிக்கிறது?

நம் ஊர்க் கடையில் கிடைப்பது ஏறக்குறைய எல்லாமே லாகர் ரகம். லேசான கசப்பு, நுரை, ஜில். அது புளித்தால் கெட்டுப்போனது என்று அர்த்தம். புளிப்பு பீர் வேறு ரகம். அதில் புளிப்பை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள்.

எங்கள் தெருவில் கிரைண்டர் போட்டு மாவு விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். ராத்திரி அரைத்து வைத்த மாவு விடியும்போது பொங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று, அதை வேறொன்றாக மாற்றி வெளியே விட்டிருக்கும். இதைத்தான் நொதித்தல் என்கிறோம். இட்லி மாவில் இந்த வேலையைப் பெரும்பாலும் பாக்டீரியா செய்கிறது. அது விடுவது லாக்டிக் அமிலம். தயிரிலும் மோரிலும் நாம் விரும்பிச் சாப்பிடும் அதே மென்மையான புளிப்பு.

பீரில் வேறொரு கூட்டம் வேலை செய்கிறது. அதன் பெயர் ஈஸ்ட். ஒற்றைச் செல் பூஞ்சை. அது பார்லியின் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் வாயுவையும் விடுகிறது. லாகரில் ஈஸ்டுக்கு மட்டும்தான் அனுமதி. புளிப்பு பீரில் ஈஸ்டும் பாக்டீரியாவும் ஒரே பானையில் குடித்தனம் நடத்துகின்றன.

பனைமரத்தடியில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தடவாவிட்டால் அதே சாறு கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருந்தாலும், அதன் குணம் என்ன என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: காலையில் இனிப்பு, மதியம் போதை, மறுநாள் காடி. ஒரே திரவத்தில் ஒரு கூட்டம் முடித்த இடத்தில் இன்னொரு கூட்டம் தொடங்குகிறது. இந்த வரிசை முறை நமக்குப் பின்னால் தேவைப்படும்.

இதுவரை பார்த்தது: சர்க்கரை இருந்தால் அதைத் தின்ன ஆள் வரும். ஈஸ்ட் தின்றால் ஆல்கஹால், பாக்டீரியா தின்றால் புளிப்பு.

இட்லி பீரும் மாவு பீரும்

புளிப்பு பீர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு சரக்கு விற்கிறது. ‘வைக்கலாமா’ என்ற கேள்வியில் வரும் குழப்பத்தில் பாதி இதனால்தான். நான் அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் இட்லி பீர், மாவு பீர்.

இட்லி பீர் சீக்கிரம் ஆகிறது. பார்லிக் கஷாயத்தில் லாக்டிக் பாக்டீரியாவை விட்டு, கதகதப்பாக ஓரிரு நாள் வைக்கிறார்கள். புளிப்பு போதும் என்றதும் கொதிக்க வைக்கிறார்கள். பாக்டீரியா எல்லாம் காலி. அப்புறம் சாதாரண ஈஸ்டைப் போட்டுப் பீராக்குகிறார்கள். சில வாரத்தில் வேலை முடிந்துவிடும். புளித்த மாவை அவித்து இட்லியாக்கிவிட்டால் அதற்கு மேல் அது புளிக்காது இல்லையா? அதே கதை. ஜெர்மனியின் பெர்லினர் வைஸ், உப்பும் கொத்தமல்லி விதையும் போடுகிற கோஸே ஆகியவற்றை இன்று பல இடங்களில் இந்த முறையில்தான் செய்கிறார்கள். உப்பு, கொத்தமல்லி, புளிப்பு என்று கேட்டதும் எனக்கு நீர்மோர் ஞாபகம்தான் வந்தது. பளிச்சென்ற வண்ணத்தில் கேனில் வரும் பழப் புளிப்பு பீர்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்.

மாவு பீர் அவிக்கப்படாதது. அதில் உயிர்கள் கடைசி வரை உயிரோடு இருக்கும். இதில் பேர்போனது லாம்பிக். பிரஸ்ஸல்ஸ் நகரிலும் அதை ஒட்டிய பஜோட்டன்லாந்து பகுதியிலும் செய்கிறார்கள். கொதித்த பார்லிக் கஷாயத்தை ஆழமில்லாத அகன்ற தொட்டியில் ஊற்றி, ஒரு ராத்திரி முழுக்கத் திறந்து போட்டுவிடுவார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கிற உயிர்கள் தாமாக வந்து சேரும். ராத்திரி குளிராக இருந்தால்தான் சரியான கூட்டம் வரும் என்பதால், ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் காய்ச்சுவார்கள். மே மாத ராயபுரத்தில் இப்படித் திறந்து போட்டால் விடிவதற்குள் என்ன சேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அப்புறம் அது மரப்பீப்பாய்க்குள் போகும். அங்கே ஒன்று முதல் மூன்று வருஷம். ஒரு வருஷத்து, இரண்டு வருஷத்து, மூன்று வருஷத்து லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்து மறுபடி நொதிக்க விட்டால் அதற்குப் பெயர் கூஸ். பழம் சேராதது. லாம்பிக்கில் புளிப்புச் செர்ரியை ஊறவைத்தால் கிரீக். ராஸ்பெரியை ஊறவைத்தால் ஃப்ராம்புவாஸ்.

ஒன்று கவனிக்க வேண்டும். மச்சான் கொண்டு வந்த பாட்டில் கடைக்கு வருவதற்கு முன்பே வருஷக்கணக்கில் பீப்பாயில் இருந்துவிட்டது. வைக்க வேண்டியதை அவர்களே வைத்து, ருசி பார்த்து, கலந்து, இனி குடிக்கலாம் என்று முடிவு செய்த பிறகுதான் கார்க் அடிக்கிறார்கள். நாம் பரணில் வைப்பது அதன் தொடர்ச்சி கிடையாது. பதமாகப் பொங்கிய மாவை அக்காவிடம் வாங்கி வந்து, ‘இன்னும் கொஞ்சம் பொங்கட்டும்’ என்று அடுப்படியில் வைப்பது போல.

சுருக்கினால்: இட்லி பீரில் மேற்கொண்டு புளிக்க வைக்க ஆளே இல்லை. மாவு பீரில் ஆள் உண்டு. ஆனால் முக்கால்வாசி வேலை பீப்பாயிலேயே முடிந்துவிட்டது.

பழத்தின் இனிப்பு எங்கே போகிறது?

செர்ரி போட்ட பீர் என்றதும் சிரப் மாதிரி இனிக்கும் என்று நினைத்துத்தான் முதல் பாட்டிலைத் திறந்தேன். ஒரு துளி இனிப்பு இல்லை. காரணம் எளிது. கிரீக்கில் பழத்தைப் போடுவது மாவு பீரில். உள்ளே பசியோடு ஒரு கூட்டமே காத்திருக்கிறது. பழத்தின் சர்க்கரையை அது முதலில் தின்று தீர்க்கும். மிஞ்சுவது பழத்தின் நிறம், வாசனை, அதன் சொந்தப் புளிப்பு, தோலின் துவர்ப்பு, கொட்டையின் வாடை.

சும்மா வாசனைக்கு இரண்டு பழம் போடுவதில்லை. லிட்டருக்கு 200 கிராம் என்பது பாரம்பரியக் கிரீக்கில் சாதாரண அளவு. அதைவிடக் கூடுதலாகப் போடுகிறவர்களும் உண்டு. கொட்டையோடுதான் ஊறவைப்பார்கள். நான் சொன்ன பாதாம் எசென்ஸ் வாடை அந்தக் கொட்டைப் பருப்பிலிருந்து வருவது.

இனிப்பாக விற்கும் பழ பீரும் உண்டு. அதில் கடைசியில் ஜூஸோ சர்க்கரையோ சேர்த்து, உயிர்கள் அதைத் தின்றுவிடாதபடி சூடாக்கி அடைத்திருப்பார்கள். அதை வைத்திருந்து எதிர்பார்க்க ஒன்றுமே இல்லை.

மாங்காய் போட்ட மீன் குழம்பு

‘வைத்தால் ருசி ஏறும்’ என்பதை வடசென்னையில் யாரும் மறுக்க மாட்டார்கள், மீன் குழம்பு விஷயத்தில். காசிமேட்டில் காலையில் வாங்கிய நெத்திலியை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால், மண்சட்டியில் இருக்கும் மறுநாள் குழம்புக்குத்தான் வீட்டில் அடிதடி. புளியும் காரமும் தனித்தனியாக முறைத்துக்கொண்டு நிற்காமல் ஒன்றோடொன்று கலந்திருக்கும்.

ஆனால் அந்த மாங்காய்த் துண்டை மட்டும் எடுத்துத் தின்று பாருங்கள். முதல் நாள் கடித்தால் மாங்காய் என்று தெரியும். மறுநாள் அது குழம்பு ஊறிய ஒரு துண்டு, அவ்வளவுதான். தொட்டாலே தோல் தனியாக, சதை தனியாக வழுகும். மாங்காயின் வாசனை குழம்புக்குள் கரைந்துவிட்டது, கொஞ்சம் ஆவியோடும் போய்விட்டது. குழம்பு நன்றானது, மாங்காய் போனது. இரண்டும் ஒரே சட்டியில், ஒரே ராத்திரியில் நடந்தது.

பழப் புளிப்பு பீரிலும் இதுதான். ஒரே பாட்டிலுக்குள் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. அடியில் இருக்கும் புளிப்பு பீரின் கடிகாரம் மெதுவானது, அது ஓட ஓடச் சில நல்ல விஷயங்களும் நடக்கலாம். பழத்தின் கடிகாரம் வேகமானது, அது ஓடுவது இறங்குமுகத்தில் மட்டும். ‘வைத்தால் நன்றாகுமா’ என்று கேட்கிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது: உங்களுக்கு மாங்காய் வேண்டுமா, குழம்பு வேண்டுமா?

எலுமிச்சை ஊறுகாய் மாதக்கணக்கில் ஊறினால்தானே நன்றாக இருக்கிறது என்று என் மனைவி மடக்கினாள். நியாயம்தான். ஊறுகாயில் நாம் விரும்புவது தோலின் கசப்பு தணிவதையும் உப்பு உள்ளே இறங்குவதையும். புது எலுமிச்சையை நறுக்கும்போது மூக்கில் ஏறும் வாசனை அதில் கிடையாது, நாம் அதைத் தேடுவதும் கிடையாது. ஊறுகாயைக் கரைத்து யாரும் ஜூஸ் போடுவதில்லை.

வாசனை ஏன் முதலில் கிளம்புகிறது?

பழ வாசனையில் பெரும்பங்கு எஸ்டர் என்ற சிறிய மூலக்கூறுகளுடையது. ஒரு அமிலமும் ஒரு ஆல்கஹாலும் கைகோர்த்தால் ஒரு எஸ்டர். வாழைப்பழ வாசனை, அன்னாசி வாசனை எல்லாம் இந்த வகை. இந்தக் கைகோர்ப்பு நிரந்தரமானதல்ல. தண்ணீரில் கிடந்தால் மெல்ல மெல்லப் பிரியும். அமிலம் இருந்தால் பிரிவது வேகமாகும். புளிப்பு பீரோ அமிலத்திலேயே ஊறிக் கிடப்பது.

அது போதாதென்று உள்ளே இன்னொரு ஆள் இருக்கிறான். அவன் பெயர் பிரெட்டனோமைசிஸ், செல்லமாக பிரெட். இது ஒரு காட்டு ஈஸ்ட். சாதாரண ஈஸ்ட் தின்ன முடியாத நீளச் சங்கிலிச் சர்க்கரையைக்கூட மாதக்கணக்கில் உட்கார்ந்து கொறிப்பான். 1904இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் என்பவர் இங்கிலாந்து பீரில் இருந்து இவனைப் பிரித்தெடுத்து, ‘பிரிட்டிஷ் பூஞ்சை’ என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்தார். இந்த பிரெட், பழைய எஸ்டர்களில் சிலவற்றை உடைத்துவிட்டுத் தன் சொந்த எஸ்டர்களை உருவாக்குவான். அதோடு தோல் பொருள், குதிரை லாயம் என்றெல்லாம் வர்ணிக்கப்படும் வாசனைகளையும் கொண்டு வருவான். குதிரை லாயம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். கருவாட்டு வாசனையைத் தெருவிலிருந்து பிடித்து வீட்டுக்குள் வருகிறவர்கள் நாம்.

மூன்றாவது, ஆக்சிஜன். வெட்டிய வாழைக்காய் கறுப்பதும், புதுப்புளி கறுத்துப் பழம்புளி ஆவதும் பெரும்பாலும் காற்றின் வேலை. பொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறுவதை ஆக்சிஜனேற்றம் என்பார்கள். பாட்டிலில் அடைக்கும்போதே கொஞ்சம் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். கார்க் வழியாகவும் மூடி வழியாகவும் வருஷக்கணக்கில் இன்னும் கொஞ்சம் கசியும். என் இரண்டாவது பாட்டிலில் வந்த நனைந்த அட்டை வாசனை இதன் கையெழுத்து. காற்று கூடுதலாகக் கிடைத்தால் காடி பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். அது ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கும். லாக்டிக் மோர்ப் புளிப்பு என்றால் இது வினிகர்ப் புளிப்பு, மூக்கைக் குத்தும்.

நிறமும் இதே பாதையில்தான் போகிறது. செர்ரி, ராஸ்பெரி, நாவல்பழம் மூன்றுக்கும் நிறம் கொடுப்பது ஆந்தோசயனின் என்ற ஒரே குடும்பத்துச் சாயம். நாவல்பழம் தின்ற நாக்கு சாயங்காலம் வரை ஊதாவாக இருந்தாலும், பாட்டிலுக்குள் இந்தச் சாயம் அவ்வளவு உறுதி கிடையாது. சிதையும், துவர்ப்புப் பொருள்களோடு சேர்ந்து செங்கல் நிறமாகும், கடைசியில் டீ நிறம். பழைய சிவப்பு ஒயின் செங்கல் நிறத்துக்குப் போவதும் இதனால்தான்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு விளைவு உண்டு. இரண்டு வருஷ பாட்டில் எனக்கு முதலாவதைவிடப் புளிப்பாகப் பட்டது. அசிட்டிக் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். ஆனால் அதைவிட முக்கியமான காரணம் பழ வாசனை போனது. பழ வாசனை மூக்கில் இருக்கும்வரை, சர்க்கரையே இல்லாவிட்டாலும் மூளை அதை இனிப்போடு சேர்த்துத்தான் படிக்கும். அந்தத் திரை விலகியதும் புளிப்பு மட்டும் மொட்டையாக நிற்கிறது. ‘வைத்தால் புளிப்பு அடங்கும்’ என்று நினைத்து வைக்கிறவர்களுக்குப் பல சமயம் நேர்மாறாக நடப்பது இப்படித்தான்.

மறுபடி ஒரு தடவை: எஸ்டர் பிரிகிறது, பிரெட் அதை மாற்றுகிறான், காற்று மீதியைப் பார்த்துக்கொள்கிறது. மூன்றும் பழத்துக்கு எதிர்க்கட்சி.

அப்போ எதுவுமே நன்றாவதில்லையா?

ஆகும். ஆனால் எது ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

லாம்பிக் வகையில் பெடியோகாக்கஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. புளிப்பில் பெரும்பங்கு அதனுடையது. சில சமயம் அது பீரை வெண்டைக்காய் மாதிரி வழவழப்பாக்கிவிடும், ஊற்றினால் நூல் இழுக்கும். பார்க்கிறவர்கள் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுவார்கள். சில மாதம் பொறுத்தால் பிரெட் அந்த வழவழப்பையும் தின்று தீர்ப்பான். அதேபோல, குடித்து முடித்த பின் நாக்கில் எலிப்புழுக்கை வாடை போல ஒன்று தங்கும் கோளாறும் உண்டு. அதுவும் பல சமயம் காலத்தில் அடங்கும். இங்கெல்லாம் பொறுமைக்குக் கைமேல் பலன். ஆனால் இவை குறை சரியாகும் கதை. பொதுவாக இதெல்லாம் செய்கிறவர் கையில் இருக்கும்போதே முடிய வேண்டிய காரியம்.

உண்மையிலேயே வைத்து ரசிக்க வேண்டியது கூஸ். பழம் இல்லை, அதனால் போவதற்கும் ஒன்றும் இல்லை. குழம்பு மட்டும், மாங்காய் கிடையாது. சில கூஸ் லேபிள்களில் 20 வருஷம் தள்ளித் தேதி போட்டிருக்கும். ‘புளிப்பு பீர் வைக்க வைக்க நன்றாகும்’ என்ற பேச்சே இதிலிருந்து கிளம்பியதுதான் என்பது என் கணிப்பு. கூஸுக்குச் சொன்னது அண்ணன் தம்பி என்று கிரீக்குக்கும் ஒட்டிக்கொண்டது.

செய்கிறவர்களே இதை மறைப்பதில்லை. பிரஸ்ஸல்ஸில் 1900 முதல் இயங்கும் கான்டியோன் ஆலை தன் கிரீக்கைப் பற்றிச் சொல்வதும் இதேதான்: இளசாக இருக்கும்போது பழ ருசி நிறைந்திருக்கும், போகப் போக லாம்பிக் ருசி மேலேறிப் பழம் பின்னால் போகும். பழைய கிரீக் கெட்டது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நல்ல குளிரில், நல்ல கார்க்கோடு வைத்தால், அது செர்ரியின் நிழல் விழுந்த கூஸ் மாதிரி ஆகும். கொட்டையின் பாதாம் வாடை பழ வாசனையைவிட நெடுநாள் நிற்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். செர்ரிக்காகக் காசு கொடுத்துவிட்டு அதைப் பிடிக்கச் சொன்னால் எனக்குக் கஷ்டம்.

பழத்துக்குப் பழம் வேறுபாடும் உண்டு. தோலும் கொட்டையும் துவர்ப்பும் உள்ள செர்ரி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ராஸ்பெரியில் நிறம் போனாலும் அதன் கூர்மையான புளிப்பு நிற்கும். ஸ்ட்ராபெரி, பீச் மாதிரி மென்மையான வாசனைக்காரர்கள்தான் முதல் பேருந்தைப் பிடித்து ஊருக்குக் கிளம்புகிறவர்கள்.

சென்னையில் ஒரு வருஷம் என்பது எவ்வளவு?

இது என் ஏரியா, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பீப்பாய் இருக்கும் பெல்ஜியப் பாதாள அறை ஏறக்குறைய 12 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ‘ஐந்து வருஷம் வைத்தேன், அருமை’ என்று அங்கிருந்து ஒருவர் சொன்னால், அந்த வருஷம் 12 டிகிரி வருஷம். வேதியியலில் ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி ஏறினால், இதுபோன்ற மாற்றங்களின் வேகம் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆகும். நம் பரணை 30 டிகிரி என்று தாராளமாகக் குறைத்தே வைப்போம். வித்தியாசம் 18 டிகிரி. இரண்டு மடங்குக் கணக்கில் சுமார் மூன்றரை மடங்கு வேகம், மூன்று மடங்குக் கணக்கில் சுமார் ஏழு. அதாவது என் பரணில் இரண்டு வருஷம் கிடந்த பாட்டில், பெல்ஜியக் கணக்கில் ஏழிலிருந்து பதினாலு வயசுக் கிழம். மே மாதம் ஒருநாள் வேலைத் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து பரணில் வைத்துப் பார்த்தேன். மதியம் மூன்று மணிக்கு 39 காட்டியது. அதன் பிறகு கணக்குப் போடும் ஆசையே விட்டுப்போனது.

மாவு அக்காவுக்கு இந்தச் சூத்திரம் எல்லாம் தேவையில்லை. மார்கழியில் ராத்திரி அரைத்தால் காலை எட்டு மணிக்கும் பொங்காது என்று வெந்நீர் விடுவார். சித்திரையில் விடியற்காலையில் அரைத்து, பத்து மணிக்கே ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடுவார். “வெயிலுக்கு அவசரம் கண்ணு” என்பார்.

பரணில் இன்னொரு கேடு, ஏற்ற இறக்கம். பகலில் சூடு, ராத்திரி கொஞ்சம் தணிவு. திரவம் விரிவதும் சுருங்குவதுமாக இருந்தால் கார்க் வழியே காற்று மாறுவதற்கு வசதி. வெளிச்சமும் ஆகாது. வெயிலோ டியூப்லைட்டோ, பீரில் கசப்புக்காகப் போடுகிற ஹாப் பூவின் கசப்புப் பொருளோடு சேர்ந்து ஒரு நாற்றத்தை உண்டாக்கும். கரும்பழுப்புக் கண்ணாடி அதைத் தடுக்கத்தான்.

சரி, எதை எவ்வளவு நாள்?

கேனில் வரும் பழப் புளிப்பு பீர்: வாங்கியதும் ஃப்ரிட்ஜ், ஓரிரு மாதத்தில் குடித்துவிட வேண்டும். பழக்கூழை மில்க்‌ஷேக் மாதிரி கெட்டியாகக் கலந்து விற்பதும் உண்டு. அதை வெளியே வைக்கவே கூடாது. கூழில் தின்னப்படாத சர்க்கரை இருக்கிறது, உள்ளே ஈஸ்டும் மிச்சம் இருக்கிறது. சூடு பட்டால் மறுபடி நொதித்து வாயு ஏறும். கோலி சோடா பாட்டில் கனமான கண்ணாடி, தாங்கும். மெல்லிய அலுமினியக் கேன் தாங்காது, வெடித்திருக்கிறது.

பெங்களூரு மாதிரி இடங்களில் மைக்ரோபிரூவரியில் குழாயில் பிடித்துத் தரும் பழ பீர் என்றால், அங்கேயே, அன்றே.

கிரீக், ஃப்ராம்புவாஸ் மாதிரி லாம்பிக் வகை: பழத்துக்காக வாங்கினால் ஒரு வருஷத்துக்குள், அதுவும் ஃப்ரிட்ஜில் வைத்து. வைத்துப் பார்க்கிற ஆசை இருந்தால் இரண்டு வாங்கி, ஒன்றை உடனே குடிக்க வேண்டும். முதலாவதன் ருசி நாக்கில் இல்லாமல் இரண்டாவதைக் குடித்து ‘ருசி ஏறியிருக்கிறது’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மச்சான் சொன்னது சரி.

போன தை மாதம் அவன் மறுபடி வந்தான். இந்தத் தடவை மூன்று சின்ன பாட்டில்: இரண்டு கிரீக், ஒரு கூஸ். கிரீக் இரண்டையும் ஃப்ரிட்ஜில் வைத்து, அந்த ஞாயிற்றுக்கிழமையே நெத்திலி வறுவலோடு முடித்தோம். “வெக்கலயா மச்சான்?” என்றான். அவனுக்கு மாங்காய்க் கதையை முழுசாகச் சொன்னேன். பாதியிலேயே மீன் குழம்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டான்.

கூஸ் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், மாவு டப்பாவுக்குப் பின்னால் நிற்கிறது. “இது எப்ப?” என்று மனைவி கேட்டாள். லேபிளைத் திருப்பிக் காட்டினேன். இருபது வருஷம் தள்ளி ஒரு தேதி.

“அதுவரைக்கும் என் மாவை எங்க வெக்கறது?” என்றாள்.